5 பவுண்ட் கட்டாததால் காலாவதியான காப்புரிமை: ஜெட் இன்ஜினின் அலறலை உலகுக்குக் கொடுத்த பிராங்க் விட்டில் யார்?

ஒரு போர் விமானம் தலைக்கு மேல போகும்போது கவனிச்சிருக்கீங்களா? சத்தம் வர்ற திசையில் அண்ணாந்து பார்ப்போம். அங்கே ஒண்ணும் இருக்காது. விமானம் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். சத்தம் மட்டும் பின்னாலேயே ஓடி வரும்.

முதலில் ஒரு கூர்மையான விசில். அப்புறம் வானத்தையே கிழிக்கிற மாதிரி ஒரு முழக்கம். இந்த இரண்டு சத்தங்களும் சேர்ந்ததுதான் ஜெட். சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சத்தம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரிட்டன் விமானப்படை அதிகாரி பிராங்க் விட்டில். ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய கதையைப் பார்க்கலாம்.

உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவன்

1907-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பிறந்தார் விட்டில். அப்பா ஒரு மெக்கானிக். பிறகு லெமிங்டன் நகரில் வால்வு, பிஸ்டன் ரிங் செய்யும் சிறிய பட்டறையை வாங்கினார். இயந்திரத்தோடு பழகும் பழக்கம் மகனுக்குச் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டது.

1923-ல் விமானப்படையில் பயிற்சி மெக்கானிக்காகச் சேர விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் பாஸ். மருத்துவப் பரிசோதனையில் ஃபெயில். காரணம், உயரம் 5 அடிதான். மார்பளவும் போதவில்லை.

அதோடு விட்டுவிடவில்லை. உணவு முறை, உடற்பயிற்சி என்று ஆறு மாதம் விடாமல் உழைத்தார். உயரமும் மார்பளவும் 3 அங்குலம் கூடின. அப்போதும் கதவு திறக்கவில்லை. ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் மறுபடி வர முடியாது என்பது விதி. விட்டில் என்ன செய்தார் தெரியுமா? முதல் முறை விண்ணப்பிக்கும் புது ஆள் போல மீண்டும் விண்ணப்பித்தார். இந்த முறை சேர்ந்துவிட்டார்.

மெக்கானிக் பயிற்சியில் அவர் காட்டிய திறமையைப் பார்த்து, 1926-ல் கிரான்வெல் கல்லூரியில் அதிகாரி பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணக் குடும்பத்துப் பையனுக்கு அந்தக் காலத்தில் அது எளிதில் கிடைக்கிற வாய்ப்பில்லை.

அப்படி என்னதான் யோசித்தார்?

அன்றைய விமானங்கள் எல்லாம் பிஸ்டன் இன்ஜின், முன்னால் சுற்றும் புரொபல்லர். உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். இன்ஜினும் திணறும், புரொபல்லரும் திணறும். அதனால் வேகத்துக்கு ஒரு எல்லை இருந்தது.

மிக உயரத்தில், மிக வேகமாகப் பறக்க வேறு வழி தேவை என்று 1928-ல் தன் கல்லூரி ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதினார் விட்டில். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. முன்னால் காற்றை உறிஞ்சி, கம்ப்ரசரில் அழுத்தி, எரிபொருள் சேர்த்து எரித்து, சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்சி அடிக்க வேண்டும். வெளியே போகிற வாயு வழியில் ஒரு டர்பைனைச் சுற்றும். அந்த டர்பைன் முன்னால் இருக்கும் கம்ப்ரசரைச் சுற்றும். அவ்ளோதான். புரொபல்லரே வேண்டாம்.

ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்டால் பறக்கும் இல்லையா, அதே தத்துவம்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்த பலூன் காற்றைத் தானே நிரப்பிக்கொண்டே இருக்கும்.

விமானத்துறை அமைச்சகத்திடம் கொண்டுபோனார். இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் ஓரளவு நியாயம் இருந்தது. அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. இருந்தாலும் 1930 ஜனவரி 16-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் விட்டில். அரசு இதை ரகசியமாகக்கூட வைக்கவில்லை. காப்புரிமை வெளியானதும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது.

5 பவுண்ட் இல்லாத கதை

1935 ஜனவரி. காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்ட் கட்ட வேண்டும். அரசு கட்ட முன்வரவில்லை. கல்யாணமாகி, பிள்ளைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த விட்டிலாலும் அந்தப் பணத்தைக் கட்ட முடியவில்லை. காப்புரிமை காலாவதியானது. இன்று உலகம் முழுக்கப் பறக்கும் ஜெட் விமானங்களின் அடிப்படை யோசனை, 5 பவுண்டுக்காகக் கைவிட்டுப் போனது.

இதே நேரத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓகைன் என்ற இளம் விஞ்ஞானி, தனியாக இதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஹைங்கல் விமான நிறுவனத்தின் பண உதவி இருந்தது. விட்டிலுக்கு அது இல்லை.

1936 மார்ச்சில் பழைய விமானப்படை நண்பர்கள் இருவர் உதவியோடு பவர் ஜெட்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவானது. ஒரு முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது. விமானப்படை ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது: வாரத்துக்கு 6 மணி நேரம்தான் இந்த வேலை பார்க்கலாம். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு அங்கே முதல் வகுப்பிலும் தேறினார்.

எல்லோரும் ஓடிய அந்த நாள்

1937 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ரக்பி நகரத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினின் முதல் சோதனை. விட்டிலே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார். இன்ஜின் பற்றிக்கொண்டது. சின்ன விசிலாக ஆரம்பித்த சத்தம், ஏறிக்கொண்டே போய் அலறலாக மாறியது. எரிபொருள் வால்வை மூடினார். சத்தம் குறையவில்லை. வேகம் இன்னும் ஏறியது.

சுற்றி நின்றவர்கள் தப்பித்தால் போதும் என்று ஓடினார்கள். விட்டில் மட்டும் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாகவே அடங்கியது. பிறகுதான் காரணம் தெரிந்தது. கசிந்த எரிபொருள் முன்பே உள்ளே குட்டையாகத் தேங்கியிருந்தது. வால்வை மூடினாலும் அது எரிந்து தீரும்வரை இன்ஜின் நிற்காது. தேங்காமல் வடிய வழி செய்த பிறகு பிரச்சினை தீர்ந்தது.

பிரிட்டனில் ஜெட் இன்ஜின் சத்தத்தை மனிதக் காது முதன்முதலில் கேட்டது இப்படித்தான்.

அந்த விசில் எங்கிருந்து வருகிறது?

ஜெட் சத்தத்தில் இரண்டு பகுதிகள் உண்டு.

ஒன்று, முன்னால் கேட்கும் விசில். விட்டிலின் ஆரம்ப இன்ஜின்கள் நிமிடத்துக்கு 16,500 முறைக்கு மேல் சுற்றின. அதாவது நொடிக்கு 275 முறை. கம்ப்ரசரில் 20 தகடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தகடும் காற்றை ஒருமுறை வெட்டும்போது நொடிக்கு 5,500 வெட்டுகள். நம் காதுக்கு அது ஒரு கூர்மையான, ஒரே சுருதி விசிலாகக் கேட்கிறது. வேகம் ஏறினால் சுருதியும் ஏறும்.

இரண்டாவது, பின்னால் கேட்கும் முழக்கம். சூடான வாயு பயங்கர வேகத்தில் வெளியே வந்து, அமைதியாக இருக்கும் காற்றோடு மோதிச் சுழல்கிறது. அந்தக் கொந்தளிப்புதான் சத்தம். பிரிட்டன் கணித மேதை ஜேம்ஸ் லைட்ஹில் 1952-ல் இதற்குக் கணக்கு சொன்னார். வாயுவின் வேகம் இரண்டு மடங்கானால், சத்தத்தின் ஆற்றல் சுமார் 256 மடங்காகும். ஜெட் போர் விமானங்கள் ஏன் அப்படி அதிர வைக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

சில விமானங்களுக்குத் தனிக் குரலே உண்டு. இந்திய விமானப்படையில் பறந்த ஹாக்கர் ஹன்டர், வேகமாகக் கடந்து போகும்போது ஊளையிடுவது போல ஒரு ராகம் எழுப்பும். ஆங்கிலத்தில் அதை ப்ளூ நோட் என்பார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி விமானத்தில் உள்ள திறப்புகளின் மேல் காற்று பாய்வதால் வருவது என்று பொதுவாக விளக்குகிறார்கள். பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் முழு வேகம் எடுக்கும்போது ஓலமிடும். காற்று உள்ளே போகும் வாயில் எழும் அதிர்வுதான் அதற்குக் காரணம்.

வானத்தில் 17 நிமிடம்

முதலில் பறந்தது ஜெர்மனிதான். 1939 ஆகஸ்ட் 27-ம் தேதி ஓகைனின் இன்ஜினோடு ஹைங்கல் 178 விமானம் மேலே எழும்பியது. சில நாட்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அதுவரை தயங்கிய பிரிட்டன் அரசு பிறகுதான் முழுசாக விழித்தது.

1941 மே 15-ம் தேதி மாலை. அதே கிரான்வெல். விட்டிலின் இன்ஜின் பொருத்திய குளோஸ்டர் விமானத்தை ஜெரி சேயர் ஓட்டினார். 17 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது. 13 ஆண்டுகளுக்கு முன் எந்த ஊரில் கட்டுரையாக எழுதினாரோ, அதே ஊரில் அது பறந்ததை நேரில் பார்த்தார் விட்டில். ஆனால் வெளியே சொல்ல முடியாது. போர்க்கால ரகசியம். 1944 ஜனவரியில்தான் பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மீட்டியார் ஜெட் போர் விமானம் படையில் சேர்ந்தது. அதன் முதல் வேலை, ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளைத் தடுப்பது. வி-1 ஓட்டை சைலன்சர் வைத்த மோட்டார் பைக் மாதிரி படபடவென்று சத்தம் போட்டு வரும். லண்டன் மக்கள் பயந்தது அந்தச் சத்தத்துக்கு அல்ல, அது நிற்பதற்கு. சத்தம் நின்றால் குண்டு விழப்போகிறது என்று அர்த்தம். ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரு மீட்டியார் விமானியின் துப்பாக்கி இயங்காமல் போனது. அவர் பக்கத்திலேயே பறந்து, தன் இறக்கையால் வி-1-ன் இறக்கையைப் புரட்டிக் கவிழ்த்தார்.

கையை விட்டுப் போன கம்பெனி

வெற்றி வந்தது. விட்டிலின் உடம்பு தாங்கவில்லை. இரவு பகல் பாராத வேலை, பணப் பற்றாக்குறை, இன்ஜினைத் தயாரிக்க அமர்த்தப்பட்ட நிறுவனத்தோடு ஓயாத சண்டை. தூக்கத்துக்கு மாத்திரை, விழித்திருக்க ஒரு மாத்திரை, இடையில் சிகரெட். எடை குறைந்தது, நரம்புத் தளர்ச்சியால் பலமுறை மருத்துவமனையில் படுத்தார்.

ஜெட் இன்ஜின் தொழில் முழுவதையும் நாட்டுடைமையாக்கலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான். அரசு 1944-ல் நாட்டுடைமையாக்கியது பவர் ஜெட்ஸை மட்டும். பெரிய நிறுவனங்களைத் தொடவில்லை. பவர் ஜெட்ஸுக்குக் கிடைத்த விலை 1,35,500 பவுண்ட். தன் பங்குகளை விட்டில் அதற்கு முன்பே அரசிடம் ஒப்படைத்திருந்தார். பிறகு அந்த நிறுவனம் ஆராய்ச்சிக்கூடமாகச் சுருக்கப்பட்டது. இன்ஜின் தயாரிக்க அனுமதியில்லை. மனசு வெறுத்து 1946-ல் ராஜினாமா செய்தார்.

1948-ல் உடல்நலக் காரணத்தால் விமானப்படையிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு அரசு 1,00,000 பவுண்ட் பரிசும் சர் பட்டமும் கொடுத்தது.

இந்தியாவுக்கும் வந்த சத்தம்

விட்டில் தொடங்கிய அந்த வகை இன்ஜின் உலகம் முழுக்கப் பரவியது. 1941-லேயே ஒரு இன்ஜின் அமெரிக்காவுக்குப் போய், அங்கே முதல் ஜெட் விமானத்துக்கு வழி காட்டியது. அதே வழியில் ரோல்ஸ் ராய்ஸ் உருவாக்கிய நீன் இன்ஜினை பிரிட்டன் சோவியத் யூனியனுக்கு விற்றது. அதைப் பார்த்து அவர்கள் செய்த இன்ஜின்தான் மிக்-15-ல் பறந்தது. கொரியப் போரில் அதை எதிர்கொண்டவர்களில் பிரிட்டனின் கூட்டாளிகளும் உண்டு.

1948-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் விமானம் வாம்பயர். அதுவும் விட்டில் பாணி கம்ப்ரசர் கொண்டதுதான். பின்னர் வந்த தூஃபானியில் இருந்தது நீன் இன்ஜின். 1971 போரில் ஐஎன்எஸ் விக்ராந்த் கப்பலிலிருந்து எழும்பிய சீ ஹாக் விமானங்களிலும் அதே நீன்தான்.

சத்தத்துக்கு மருந்தும் அவரிடமே

1976-ல் அமெரிக்காவில் குடியேறிய விட்டில், அங்குள்ள கடற்படைக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்தார். ஓகைனும் அப்போது அமெரிக்காவில்தான். எதிரெதிர் நாடுகளில் ஒரே கனவைக் கண்ட இருவரும் நண்பர்களானார்கள். 1991-ல் பொறியியலுக்கான டிரேப்பர் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். 1996 ஆகஸ்டில் விட்டில் காலமானார். அவருடைய அஸ்தி விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, கிரான்வெல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

இன்றைய பயணிகள் விமானங்கள் பழைய போர் விமானங்கள் அளவுக்கு அலறுவதில்லை, கவனித்தீர்களா? முன்னால் இருக்கும் பெரிய விசிறி, நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. வெளியேறும் வேகம் குறைந்தால் சத்தம் பல மடங்கு குறையும். அதே லைட்ஹில் கணக்குதான்.

அந்த விசிறி இன்ஜின் யோசனைக்கு 1936-லேயே காப்புரிமை கேட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பிராங்க் விட்டில்தான். போன வருஷம் 5 பவுண்ட் கட்ட முடியாமல் நின்ற அதே மனிதர்.