வெள்ளத்தின் கணக்கை மேலிருந்து தொடங்கியவர்

2015 டிசம்பரில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் என் வீட்டுத் தரைத்தளம் நீரில் மூழ்கியது. மொட்டைமாடியில் நின்ற நாங்கள் அனைவரும் செம்பரம்பாக்கம் ஏரியையே குறை கூறினோம். வெள்ளம் வடிந்தபின் வரைபடத்தைப் பார்த்தேன். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது எங்களுக்குக் கீழே, திருநீர்மலை அருகே. எங்களுக்கு வந்த நீரோ மணிமங்கலம், ஆதனூர் ஏரிகள் அமைந்த மேற்பகுதியினுடையது. அப்போது நினைவுக்கு வந்தவர் விஸ்வேஸ்வரய்யா.

திட்டமிட்ட பொருளாதாரம் குறித்து 1934-இல் அவர் எழுதிய நூல் வழியாகவே, பொருளியல் மாணவனாக அவரை அறிந்திருந்தேன். பொறியாளராக அறிந்தது பின்னர்தான்.

மைசூர் சமஸ்தானத்து முத்தேனஹள்ளியில் பிறந்த அவர், சிறுவயதில் தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே பெங்களூரில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, 1908-இல் தாமாகவே ஓய்வு பெற்றார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து, ஹைதராபாத்தில் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. கரையை உயர்த்துவதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், ஆற்றின் நீர்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். மேலே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததே வெள்ளத்தைப் பேரழிவாக்கியது என்று கண்டார். நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் உருவாயின. வெள்ளத்தைத் தடுக்க எழுந்தவை குடிநீரும் தந்தன.

1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார். 1955-இல் பாரத ரத்னா பெற்றார். 1962-இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். 1995 வெள்ளத்துக்குப் பிறகு நெதர்லாந்தும், கரைகளை மட்டும் நம்பாமல், ஆறுகள் விரிந்து பாய இடம் ஒதுக்கியது. நீருக்கு இடம் தராத ஊரில் நீரே இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை அவரும் அவர்களும் அறிந்திருந்தனர்.

நான் அறிந்திருக்கவில்லை. மனை வாங்கியபோது கிரவுண்டு விலையைக் கணக்கிட்ட பொருளியல் பேராசிரியன், மழைநீர் எவ்வழியே போகும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. இப்போதும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மனுக்கள் எங்கள் தெருவுக்கான தடுப்புச் சுவரில்தான் தொடங்குகின்றன. மேலே உள்ள ஏரிகளின் கரையும் கலங்கலும் போக்குக் கால்வாயும் எந்நிலையில் உள்ளன என்ற கேள்வியை முதல் வரியாக எழுதுமாறு ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்துகிறேன்.