டின்டால் பார்த்த தூசி

1990-களின் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் மாதிரி பழைய சொகுசு கார்களில், உள்ளே வர்ற காற்றுக்கு ரெண்டு காவல் உண்டு. தூசிக்கு நார் ஃபில்டர், புகைக்கும் நாற்றத்துக்கும் கரி. இந்த ஜோடியை 1871-லேயே ஒருத்தர் முகத்துல மாட்டிப் பார்த்துட்டார்.

ஜான் டின்டால். 1820-ல் அயர்லாந்தில் பிறந்தவர். முதல்ல நில அளவை, ரயில்வே சர்வே (நம்ம சிவில் பசங்க கவனிக்கவும்). அப்புறம் ஜெர்மனியில் பிஎச்டி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் பதவி.

இருட்டறையில் ஒளிக்கற்றையை விட்டு, அதில் மிதக்கிற தூசியை ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாய் வழியா அதுக்குள்ளே மூச்சு விட்டால், மூச்சு முடியுற நேரத்தில் கற்றை நடுவே கறுப்பா ஓர் இடைவெளி. அங்கே தூசியே இல்லை. எங்கே போச்சு? நுரையீரல்ல தங்கிடுச்சு! பஞ்சு வழியா இழுத்து விட்டபோது, ஆரம்பத்திலிருந்தே கறுப்பு.

அப்போ லண்டன் தீயணைப்பு வீரர்கள் புகையில் திணறிக்கிட்டு இருந்தாங்க. கிளிசரினில் நனைத்த பஞ்சையும் கரியையும் அடுக்கி முகமூடி செய்தார். கரி முகமூடி ஸ்டென்ஹவுஸ் ஏற்கெனவே செய்ததுதான். பஞ்சைச் சேர்த்தது இவர். புகை நிரப்பிய அறைக்குள் தானே போய்ச் சோதிச்சார்.

1893-ல், காலையில் தர வேண்டிய மக்னீசியாவுக்குப் பதிலா தூக்க மருந்தை மனைவி லூயிசா மாத்திக் கொடுத்துட்டார். அன்றே இறந்தார். லூயிசா இன்னும் 47 வருஷம் வாழ்ந்தார், அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துக்கிட்டே.