புலவர் தெய்வமான கதை

வைகாசி பிறந்தால், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டையைக் கடந்து வற்றாப்பளைக்கு அடியார் கூட்டம் செல்லும். நீதி மறுக்கப்பட்ட ஒருத்தி. அவள் சினத்தில் எரிந்த ஒரு நகர். பின்பு அவளுக்கே கோயிலும் பொங்கலும். கண்ணகை அம்மனை வழிபட்டு வளர்ந்த வன்னி மக்களுக்கு யப்பானியரின் கல்வித் தெய்வத்தின் வரலாற்றை விளக்க வேண்டுவதில்லை, சொன்னாலே போதும்.

சிந்தோ மதத்தினர் அத்தெய்வத்தைத் தெஞ்சின் என்பர். மனிதராய் வாழ்ந்த காலத்தில் அவர் பெயர் சுகவாரா மிச்சிசானே. 845ஆம் ஆண்டிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் சீன நூல்களைக் கரைகண்ட ஆசிரியர்கள். அக்காலத்து யப்பானிற் சீனமொழிப் புலமையே புலமை. நம்மவரிடைச் சமஸ்கிருதம் பெற்றிருந்த மதிப்பை அங்கே சீனம் பெற்றிருந்தது எனலாம். நிலவொளியிற் கண்ட உமே மலரைப் பற்றிப் பதினொரு வயதிற் சீனக்கவி ஒன்று பாடினாராம். உமே என்பது குளிர் நீங்குமுன்னே பூக்கும் சிறுமரம். அம்மலர் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

877இல் அரசகல்விச் சாலையில் இலக்கியப் பேராசிரியரானார். 886இற் சனுக்கி மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். ஏட்டறைக்குள் இருந்தவர் அங்கேதான் குடிகளின் குளிரையும் பசியையும் கண்டார். கிழவர், அநாதைச் சிறுவர், மீன்பிடிப்போர், உப்பு விற்போர், விறகு வெட்டுவோர் என்று, குளிர் முதலில் யாரை வந்து தாக்குகின்றது எனப் பாடினார். தலைநகரப் பூஞ்சோலைகளைப் பாடிய புலவர் பலர்; இவர்களைப் பாடியவர் எத்தனை பேர்?

தலைநகருக்கு மீண்டபின் உதா என்னும் பேரரசர் அவரை உயர்த்தினார். 894இற் சீனத்துக்குத் தூதுவராக நியமிக்கப்பட்டவர், அந்நாட்டின் நிலைகுலைவை எடுத்துக்காட்டித் தூதையே நிறுத்தச் செய்தார். சில ஆண்டுகளில், 907இல், தாங் அரசு வீழ்ந்தது. 899இல் மிச்சிசானே வலப்பக்க அமைச்சர். இடப்பக்க அமைச்சரோ, பரம்பரையாக அரசவையை ஆண்ட பூஜிவாரா குலத்துத் தொக்கிகிரா. பிறப்பாற் பெற்றவன் அருகே படிப்பாற் பெற்றவன் சரியாசனம் இருந்தால் என்ன நேரும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

உதா முடிதுறந்து, இளைஞரான தைகோ அரியணையில் இருந்த காலம் அது. அரசரை நீக்கித் தம் மருமகனாகிய இளவரசனுக்கு முடிசூட்ட மிச்சிசானே சூழ்ந்தார் என்று பழி எழுந்தது. 901இற் பெயரளவான ஒரு பதவியுடன் தெற்கே கியூசுத் தீவிலுள்ள டசாய்புவுக்குத் துரத்தப்பட்டார். மூத்த புதல்வர் வெவ்வேறு மாகாணங்களுக்கு, மனைவி தலைநகரில், இளங்குழந்தைகள் இருவர் மாத்திரம் உடன். புறப்படும்போது முற்றத்து உமே மரத்தை விளித்து ஒரு பாட்டுப் பாடினார். அம்மரம் பிரிவாற்றாது ஓரிரவிற் பறந்து அவரிடம் சென்றது என்பது கதை.

மரம் பறந்ததோ இல்லையோ, கூரை ஒழுகியது உண்மை. உடன்வந்த சிறுமகன் இறந்ததும் உண்மை. இறுதிக்காலப் பாடல்களைத் தொகுத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு 903இற் கண்மூடினார். உடலை ஏற்றிய வண்டியின் எருது நடவாது படுத்த இடத்திலேயே அடக்கஞ் செய்தனர் என்பர். டசாய்புக் கோயில் அச்சமாதியின்மேல் எழுந்தது.

909இற் தொக்கிகிரா இளமையிலேயே மாண்டார். 923இற் பட்டத்திளவரசர் மறைந்தார். அரசவை அஞ்சியது, இறந்தவருக்கு இழந்த பதவியை மீளக் கொடுத்தது. 930இல் அரண்மனை மண்டபத்தில் இடிவிழுந்து அவையினர் மடிந்தனர். நோயுற்ற தைகோவும் அவ்வாண்டே இறந்தார். இடியாய் வந்தவர் மிச்சிசானேயே என்று நாடு நம்பிற்று. 947இற் கியோத்தோ நகரின் கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. 993இல் அரசின் மிக உயர்ந்த அமைச்சுப் பதவியும் அளிக்கப்பட்டது. இறந்து தொண்ணூறு ஆண்டுகளின்பின் வந்த பதவி! டசாய்புவில் இறந்த குழந்தைக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்?

அரசவை அவரை அச்சத்தால் வணங்கியது. அச்சம் தேய்ந்தபின் பொதுமக்கள் அவரை வேறொருவராகக் கண்டனர்: எழுத்தறிவிக்கும் தெய்வமாக. மாற்றத்தைச் செய்தவர்கள் அரசரல்லர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியருமே. இவருக்குரிய கோயில்கள் யப்பானெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

டசாய்புக் கோயிலுக்குச் செல்வோர் முதலிற் குளத்தின்மேல் வளைந்த பாலங்களைக் கடப்பர். அவை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்பவற்றைக் குறிப்பனவாம். வழியில் வெண்கல எருது ஒன்று படுத்திருக்கும். அதன் தலையைத் தடவினால் அறிவு வளரும் என்று மாணாக்கர் தடவித் தடவி அது பளபளக்கின்றது. தோட்டத்தில் ஆறாயிரம்வரை உமே மரங்கள். 1591இல் எடுப்பித்த தலைமைக் கோயிலின் முன்னே, வலப்புறத்தில், பறந்து வந்தது என்று போற்றப்படும் மரம் நிற்கின்றது. பரீட்சைக்கு இருப்போர் தம் வேண்டுதலைச் சிறு மரப்பலகைகளில் எழுதித் தொங்கவிடுவர். அந்நாட்டில் நுழைவுத் தேர்வுகள் நடப்பதும் அம்மரம் வெண்பூப் பூப்பதும் ஒரே பருவத்தில்.