நகத்துக்கு அடியில் ஒரு கறை: பாப் மார்லியின் உயிரைப் பறித்தது கால்பந்து காயமா?

நீளமான சடைமுடி, கையில் கிட்டார். பாட்டையே கேட்காதவங்களுக்கும் டி-ஷர்ட்டில் இருக்கும் அந்த முகம் தெரியும். ரெக்கே இசையை உலகமெங்கும் கொண்டுபோன பாப் மார்லி இறந்தபோது வயசு வெறும் 36. காரணம், கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய்.

1945 பிப்ரவரி 6ல் ஜமைக்காவின் நைன் மைல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரர், அம்மா கறுப்பினப் பெண். வளர்த்தது எல்லாம் அம்மாதான். பிழைப்புக்காக கிங்ஸ்டன் நகரின் ட்ரெஞ்ச் டவுன் குடிசைப் பகுதிக்கு வந்தார்கள். வெல்டிங் வேலை பழகப் போன பையன், 1963ல் பீட்டர் டோஷ், பன்னி வெய்லருடன் சேர்ந்து வெய்லர்ஸ் குழுவைத் தொடங்கினார்.

1976 டிசம்பரில் வீடு புகுந்து சுட்டார்கள். மார்பிலும் கையிலும் காயம். இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார்!

குண்டுக்குத் தப்பியவரை ஒரு விரல் மடக்கியது. கால்பந்துன்னா மார்லிக்கு உயிர். 1977ல் விளையாடும்போது வலது கால் கட்டைவிரலில் அடிபட்டது. ஆனா அந்தப் புண் ஆறவே இல்லை. பரிசோதித்துப் பார்த்தால் மெலனோமா.

அப்போ பந்து பட்டதால்தான் கேன்சரா? இன்னைக்கும் பலர் அப்படித்தான் சொல்றாங்க. அடிபட்டதால் மெலனோமா வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காயம்னு நினைத்து விட்டுவிடுவதுதான் ஆபத்து.

கருப்புத் தோலுக்கு தோல் புற்றுநோய் வராது என்பதும் தப்பு. குறைவாக வரும், அவ்வளவுதான். வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என வெயில் அதிகம் படாத இடங்களில் வரும். அதனாலேயே பலர் கவனிப்பதில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? நகத்தில் அடிபட்டு ரத்தம் கட்டினால், நகம் வளர வளர அந்தக் கறையும் நுனிப் பக்கம் நகர்ந்துவிடும். நகராமல் அப்படியே நிற்கிற கறை, ஒரே ஒரு நகத்தில் புதுசா வந்து அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவும் கருமை, வாரக்கணக்கில் ஆறாத புண்... இதில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டணும். மாநிறம், கருநிறம் உள்ளவர்களுக்கு பல நகங்களில் கோடு இருப்பது சகஜம்தான், பதற வேண்டாம். உடம்பில் வேறு இடத்து மச்சம் என்றால், ஒரு பாதி மறுபாதி போல இல்லாமல் இருக்கிறதா, ஓரம் கலைந்திருக்கிறதா, பல நிறம் தெரிகிறதா, பெரிதாகிறதா என்று பாருங்க.

மார்லிக்கு விரலையே எடுத்துவிட டாக்டர்கள் சொன்னார்கள். உடலை வெட்டக்கூடாது என்ற ரஸ்தாஃபாரி நம்பிக்கையால் அவர் மறுத்துவிட்டார் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. நகத்தையும் அதன் அடிச்சதையையும் மட்டும் அகற்றி, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைத்தார்கள். விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

மறுபடி ஊர் ஊராகக் கச்சேரி. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திர விழாவில் பாடினார். அதே செப்டம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது சுருண்டு விழுந்தார். மூளை வரை பரவியிருந்தது. விழுந்த இரண்டாவது நாளே, செப்டம்பர் 23ல் பிட்ஸ்பர்க்கில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி.

பிறகு ஜெர்மனியில் மாதக்கணக்கில் மாற்று சிகிச்சை. பலனில்லை. ஜமைக்கா திரும்பும் வழியில், 1981 மே 11ல் மியாமி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அரசு மரியாதையுடன் பிறந்த ஊரான நைன் மைலிலேயே அடக்கம் செய்தார்கள். கூடவே அவருடைய கிட்டாரையும் வைத்தார்கள்.