ஹெர்மன் ஜோசப் முல்லர்

ஹெர்மன் ஜோசப் முல்லர் (டிசம்பர் 21, 1890 – ஏப்ரல் 5, 1967) ஓர் அமெரிக்க மரபியலாளர் ஆவார். எக்ஸ் கதிர்கள் மரபணுக்களில் திடீர்மாற்றங்களை உண்டாக்கும் என்று நிறுவியமைக்காக இவருக்கு 1946 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கதிர்வீச்சுக்கு உட்பட்ட ஆண் மலடாகாவிடினும், அவனது விந்தணுக்கள் பழுதுற்றிருக்கக் கூடும் என இவர் எச்சரித்து வந்தார்.

வாழ்க்கைச் சுருக்கம்

முல்லர் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த இவர், உதவித்தொகை பெற்றுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்குழுவில் பழ ஈக்களை ஆராய்ந்து 1916 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1920 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். பொதுவுடைமைச் சார்பால் 1933 இல் சோவியத் ஒன்றியம் சென்ற இவர், மரபியலை மறுத்த லைசென்கோவை எதிர்த்ததால் 1937 இல் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. 1945 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

எக்ஸ் கதிர் ஆய்வு

எக்ஸ் கதிர் பட்ட ஆண் முயல்களும் கினி எலிகளும் மலடாவதை 1903 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் கண்டறிந்திருந்தார். விரையில் விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் உயிரணுக்கள் இடையறாது பிரிபவை. ஆதலால் அவை கதிர்வீச்சால் எளிதில் அழிகின்றன.

முல்லர் வேறொரு வினாவை எழுப்பினார்: அழியாமல் எஞ்சும் விந்தணுவுக்கு என்ன நேர்கிறது? 1926 இல் ஆண் ஈக்களை எக்ஸ் கதிருக்கு உட்படுத்திப் பெண் ஈக்களுடன் இனச்சேர்க்கை செய்வித்தார். மிகுந்த கதிரளவில் திடீர்மாற்ற வீதம் ஏறத்தாழ 150 மடங்கு உயர்ந்தது. பல முட்டைகள் பொரிக்கவில்லை. மலட்டுத்தன்மை போலத் தோன்றிய இதில், விந்தணு முட்டையை அடைந்தும், அது சுமந்து சென்ற பழுதே கருவை அழித்திருந்தது. இம்முடிவுகள் 1927 இல் வெளியாயின.

எச்சரிக்கையும் எதிர்ப்பும்

மரபணுப் பழுதுக்குப் பாதுகாப்பான கீழ் எல்லை இல்லை என்று முல்லர் வாதிட்டார். 1955 இல் ஜெனீவாவில் நடைபெற்ற அணுவாற்றலின் அமைதிப் பயன்கள் பற்றிய ஐ.நா. மாநாட்டுக்கு இந்திய அறிவியலாளர் ஹோமி பாபா தலைமை வகித்தார். அதில் முல்லர் தம் கட்டுரையை வாசிப்பதை அமெரிக்க அணுவாற்றல் ஆணையம் தடுத்துவிட்டது.

விந்து வங்கிக் கருத்து

தேர்ந்தெடுத்த ஆண்களின் விந்தணுக்களைச் சேமித்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற முல்லரின் கருத்து கடும் கண்டனத்துக்கு உள்ளானது. எனினும் விந்தணுக்களை உறையவைத்துக் காக்கும் முறை, கதிர்மருத்துவம் பெறவுள்ள புற்றுநோயாளர்களுக்கு இன்று பயன்படுகிறது.

இன்றைய நிலை

ஒரே தடவையில் விரையில் படும் சுமார் 0.1 முதல் 0.15 கிரே கதிரளவு விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கக் கூடும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால் விளைவு உடனே முழுமையாகத் தெரிவதில்லை. சுமார் 6 கிரே அளவில் நிலையான மலட்டுத்தன்மை நேரலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தோரின் பிள்ளைகளிடம் கதிர்வீச்சால் விளைந்த மரபுவழிப் பாதிப்பு இதுவரை உறுதிப்படவில்லை. எனினும் சிறு அளவும் தீங்கு தரலாம் என்று கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்படுகின்றன.

பாபா தொடங்கிய அணுவாற்றல் திட்டத்தின் வழியே, சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் அமைந்தது. அதன் முதல் அணு உலை 1983 இல் இயங்கத் தொடங்கியது. இந்திய விதிகளின்படி கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் பெறும் அளவு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டை மீறக் கூடாது. இவ்வரம்பு மலட்டுத்தன்மைக்கான அளவைவிட மிகக் குறைவு. ஆயினும் வரம்புக்குள் இருப்பதே போதுமெனக் கருதாமல், இயன்றவரை குறைப்பதே கதிர்வீச்சுப் பாதுகாப்பின் நெறியாகும்.