டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

இராமேசுவரத் திருக்கோயிலின் நெடிய பிரகாரங்களைக் கண்டு வியவாதார் இலர். அத்தகைய பெருங்கோயில்களிலே சிறுமியர்க்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்துவந்தது. அதனை ஒழித்தற்பொருட்டு அரசாங்கத்தாரோடு வழக்காடிய முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

சேதுநாட்டை அடுத்ததும், கிழவன் சேதுபதி காலத்தில் தொண்டைமான் ஆளுகைக்கு வந்ததுமாகிய புதுக்கோட்டையில், 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ல் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையினர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்திற் பிறந்தவர். ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியில் மன்னர் அனுமதி பெற்றுப் படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1926-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். அச்சபையில் அமர்ந்த முதற் பெண்மணி இவரே. அடுத்த ஆண்டிலேயே அதன் உபதலைவரும் ஆனார்.

சிறுமியரைத் தீத்தொழிலுக்கு ஒப்புவித்தல் அக்காலத்தும் தண்டனைச் சட்டப்படி குற்றமே. ஆயினும் பொட்டுக் கட்டுதல் சமயச் சடங்கென்னும் போர்வையில் நடந்தமையால் குற்றத்தை மெய்ப்பித்தல் அரிதாயிற்று. உண்மை முடிச்சோ நிலத்தில் இருந்தது. கோயிற்பணிக்கென விடப்பட்ட இனாம் நிலம், பணி செய்யப் பெண்ணொருத்தி உள்ளவரையில்தான் குடும்பத்தாரிடம் நிற்கும். மகளுக்குப் பொட்டுக் கட்டாத தாய் நிலத்தை இழப்பாள். இதனை அம்மையார் நன்கு கண்டார். வெறுங் கண்டனத்தோடு நில்லாது, பணிக்கடமையினின்று நிலத்தை விடுவித்து அப்பெண்டிர்க்கே உரிமையாக்குமாறு இந்து மத தர்ம பரிபாலனச் சட்டத்திற்குத் திருத்தம் கொணர்ந்தார். 1929-ல் அது நிறைவேறிற்று. சோற்றுக்கு வழி காட்டிய பின்னரே சடங்கை விடச் சொன்ன இம்முறையை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

எதிர்ப்பும் சிறிதன்று. தேவதாசியர் சங்கத்தாரே மறுத்து மனுக் கொடுத்தனர். பிழைப்புப் போகுமென அவர்கள் அஞ்சியதை எளிதில் தள்ளிவிடலாகாது. சத்தியமூர்த்தியும் எதிர்த்து நின்றார். அவரும் மகாராஜா கல்லூரி மாணவரே என்பதை என்னென்பது!

1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். அடைக்கலம் நாடி வந்த சிறுமியர்க்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். ஔவை இல்லம் அங்ஙனம் தோன்றியதே. 1954-ல் அடையாற்றில் அவர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதவேண்டும். 1968-ல் மறைந்தார்.

பொட்டுக் கட்டுதலை அறவே தடுக்க 1930-ல் அவர் கொணர்ந்த மசோதா நிறைவேறாது நின்றது. அத்தடை சென்னை மாகாணத்திற் சட்டமானது 1947-ல். அப்போது அம்மையாருக்கு வயது 61.