கிரேக்கத் தாம்சன்

ஆலயம் எடுப்போரை உலகம் போற்றும். பண்டகசாலை எடுப்போரை நினைப்பார் அரியர். இவ்விரண்டையும் ஒரே சிரத்தையுடன் எடுத்த ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் விளங்கிய கட்டடச் சிற்பி அலெக்ஸாந்தர் தாம்சன் ஆவர்.

இவர் 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பால்பிரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பஞ்சாலையின் கணக்கர். அவர்தம் 20 மக்களுள் இவர் 17-ஆமவர். ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் தாயையும் இழந்தார். பின்னர்க் கிளாஸ்கோவில் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்து வேலைக்கு அமர்ந்தார். இவர் வரைந்த சித்திரங்களை அங்குக் கண்ட ராபர்ட் பூட் என்னும் சிற்பி இவரைத் தம் மாணாக்கராக ஏற்றுக்கொண்டார்.

கடல் கடந்து சென்றறியாத இவர், நூல்களையும் சித்திரங்களையும் கற்றே கிரேக்க, எகிப்தியச் சிற்ப முறைகளைத் தமதாக்கினார். அதனால் கிரேக்கத் தாம்சன் என்று பெயர் பெற்றார். 1850-களில் தம் மக்கள் பலரைச் சாக்கொடுத்தும் தொழிலிற் தளர்ந்தாரல்லர். செயின்ட் வின்சென்ட் தெரு ஆலயம் 1859-இல் இவரால் முடிவுற்றது. கூட்டாளியாயிருந்த தம்பியார் ஜார்ஜ், 1871-இல் தொழிலைத் துறந்து, மிஷனெரியாகக் காமரூன் நாட்டுக்குச் சென்றார்.

வணிகர்க்கு இவர் அமைத்த பண்டகசாலைகளே நாம் சிறப்பாக நோக்கத்தக்கவை. சாக்கிஹால் தெருவில் 1867, 1868-ஆம் ஆண்டுகளில் எழுந்த கிரேக்கக் கட்டடத்தில், மேல்மாடியிற் குறுந்தூண்களை வரிசையாக நிறுத்தி, கண்ணாடிச் சாளரங்களை அவற்றின் பின்னே தனியே அமைத்தார். சரக்கைப் பார்த்து வாங்குவதற்கு வெளிச்சம் வேண்டும்; தெருவுக்கு அழகு வேண்டும். ஒன்றற்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை. 1875 மார்ச்சு 22-இல் தாம்சன் காலமானார்.

அவர் எடுத்த ஆலயங்களுள் குயின்ஸ் பார்க் ஆலயம் 1943-இல் போர்க்குண்டால் அழிந்தது. கலிடோனியா சாலை ஆலயம் 1965-இல் தீக்கிரையாயிற்று. அவரது மற்றொரு வணிகக் கட்டடமாகிய எகிப்திய மண்டபம், யூனியன் தெருவில் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்து சிதைவுற்றது. கிரேக்கக் கட்டடமோ 1975-இல் கலைக்கூடமாக மாறியது. பின்னர் உள்ளே திருத்தியமைக்கப்பெற்று, 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சரக்குக்கு அமைத்த ஒளியும் இடமும் சித்திரத்துக்கும் இசைக்கும் பயன்பட்டன. கல்லின் உறுதி மட்டும் கட்டடத்தைக் காவாது. பயன்படுத்துவோர் இருந்தாலன்றி அது வாழாது என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.

தாம்சன் பெயரால் இளஞ்சிற்பிகளுக்குப் பிரயாண உபகாரச் சம்பளம் ஒன்று ஏற்பட்டது. 1890-இல் அதைப் பெற்று, அடுத்த ஆண்டில் இத்தாலி சென்று வந்த வாலிபரே பிற்காலத்துப் பெருஞ்சிற்பியான சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ். அயல்நாடு காணாத ஆசிரியரின் பெயர், காண விழைந்த மாணவர்க்கு வழி திறந்தது. எளிய வேலை என்று எதனையும் இகழாமற் செய்தலே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.